மால்போர்க்: செங்கல் பார்க்கப் போன கதை

மே 9, வெள்ளி. கதான்ஸ்க்

நாளை மால்போர்க் கோட்டை. போலந்துக்கு வேலைக்கு வந்து எட்டு மாதமாகிறது. ரயிலில் முக்கால் மணி நேரத் தூரம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றே தள்ளிப்போட்டுவிட்டேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏன்டா, லீவு நாள்ல செங்கல் பாக்கவா போற?" என்றார். சரியான கேள்விதான்.

மே 10, சனி. இரவு

கால் கெஞ்சுகிறது. மூன்றரை மணி நேரம் நடந்தும் பாதிதான் பார்த்திருப்பேன்.

ரயில் நோகாட் ஆற்றைத் தாண்டும்போதே கோட்டை சிவப்பாக எழுந்து நிற்கிறது. பரப்பளவில் உலகிலேயே பெரிய கோட்டை இதுதான். ஆற்று வண்டல் படிந்த சமவெளியில் பாறைக்கு எங்கே போவது? களிமண் மட்டும் வேண்டிய அளவு இருந்தது. அதை அறுத்து, சுட்டு, அடுக்கிவிட்டார்கள். கட்டியவர்கள் ட்யூட்டானிக் வீரத்துறவிகள், அதாவது போர் செய்யும் ஜெர்மன் கிறித்தவத் துறவிகள்: வெள்ளை அங்கி, கறுப்புச் சிலுவை, கையில் வாள். 1190இல் இன்றைய இஸ்ரேலில் உள்ள ஆக்கர் நகரில் மருத்துவமனை நடத்தத் தொடங்கியவர்கள் இவர்கள் என்பதை நம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது. 1270களில் இங்கே கட்டுமானம் தொடங்கியது. 1309இல் அவர்களின் தலைவரே வெனிஸிலிருந்து இங்கு குடியேறினார்.

எனக்குப் பிடித்தது அரண்மனையின் கோடைக்கால உணவுக்கூடம். மொத்தக் கூரையும் நடுவில் உள்ள ஒரே கருங்கல் தூணில் விரிந்து நிற்கிறது, குடைக்காம்பு மாதிரி. 1410இல் கிருன்வால்ட் போரில் தலைவர் உல்ரிக் உட்பட வீரத்துறவிகள் பெரும்பாலோர் மடிந்தபின், போலந்து மன்னர் யகேவோ இந்தக் கோட்டையை இரண்டு மாதம் முற்றுகையிட்டார். உள்ளே தலைவர்கள் கூடியிருக்கும்போது இந்தத் தூணைக் குறிவைத்துச் சுட்டார்களாம். சன்னலில் சிவப்புத் தொப்பி வைத்து ஒரு துரோகி அடையாளம் காட்டினானாம். கதை உண்மையோ பொய்யோ, ஒரு பீரங்கிக் குண்டு இன்னும் சுவரில் பதிந்திருக்கிறது. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தரையில் வட்ட ஓட்டைகள். கீழே அடுப்பில் கற்களைச் சூடாக்கி, நெருப்பு அணைந்த பிறகு மூடியைத் திறப்பார்களாம். புகையில்லாத வெப்பக்காற்று மேலே வரும். என் வாடகை வீட்டு ஹீட்டரை நினைத்துக்கொண்டேன். அப்புறம் கழிவறைக் கோபுரம்! கோட்டையைவிட்டுத் தள்ளி, வளைவுகள் மேல் நிற்கும் நீண்ட பாதையின் கடைசியில் இருக்கிறது. வழிகாட்ட ஒரு குட்டிச் சாத்தான் சிற்பம். கோபுரத்தின் பெயர் கதானிஸ்கோ. நான் குடியிருக்கும் ஊரின் பெயர் இப்படியா காதில் விழ வேண்டும்.

மே 11, ஞாயிறு

ராத்திரி முழுக்க 1457தான் மனதில் ஓடியது. பீரங்கியால் விழாத கோட்டை சம்பள பாக்கியால் கைமாறியிருக்கிறது. போலந்துடன் பதின்மூன்று ஆண்டுப் போர் நடந்த சமயம். வீரத்துறவிகளிடம் பணமில்லை, கூலிப்படைக்குக் கோட்டையையே அடகு வைத்தார்கள். கூலி வராததால் படைத்தலைவர்கள் அதைப் போலந்து மன்னர் நான்காம் கசிமிருக்கே விற்றுவிட்டார்கள், 1,90,000 பொற்காசுக்கு. எதிரிக்கே! அந்தப் பணத்தில் கதான்ஸ்க் நகரத்தாரின் பங்கும் உண்டு. வீரத்துறவிகளின் தலைவர் கோனிக்ஸ்பெர்குக்கு (இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராடு) ஓடினார். அடகுக்கடைக்காரரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை செய்தவனுக்குக் கூலி வேண்டாமா?

மே 13, செவ்வாய்

போட்டோக்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அருங்காட்சியகத்தில் பார்த்த 1945ஆம் ஆண்டுப் படம் மறக்கவில்லை: கிழக்குப் பக்கம் பிளந்து, தேவாலயச் சுவரும், அதில் நின்ற எட்டு மீட்டர் உயர மேரி சிலையும் போய், வெறும் செங்கல் குவியல். போரில் பாதிக்கு மேல் இடிந்துவிட்டது. அதற்கு முன்பும் பிரஷ்யர்கள் (பிரஷ்யா அந்தக் கால ஜெர்மன் அரசு) படைவீரர் குடியிருப்பாகவும் கிடங்காகவும் வைத்துச் சிதைத்து, பிறகு அவர்களே பல பத்தாண்டுகள் செலவழித்துப் புதுப்பித்ததுதான். போருக்குப் பின் போலந்துக்காரர்கள் மறுபடி அடுக்கினார்கள். மேரி சிலை 2016இல்தான் திரும்ப வந்தது.

அம்மாவுக்கு ஒரு சுவரின் படத்தை அனுப்பி, "எழுநூறு வருஷச் செங்கல்" என்று எழுதியிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார் போல. "மேல் வரிசை மட்டும் ஏன்டா வேற நிறமா இருக்கு?" என்று பதில் வந்திருக்கிறது.