அந்த ஒரு நொடிக்கு யார் பொறுப்பு?

தானியங்கி வாகனங்களின் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சரிபார்க்கும் வேலையில் எங்களுக்குப் பெரிய தலைவலி பொய் எச்சரிக்கைகள்தான். காற்றில் பறக்கும் பாலித்தீன் பைக்கெல்லாம் வண்டி பிரேக் போட்டால் யாரும் அதில் ஏற மாட்டார்கள். ஆகவே, சற்றுப் பொறுத்து உறுதிசெய்துகொண்டு பிரேக் போடட்டுமே என்ற யோசனை ஆய்வுக் கூட்டங்களில் தவறாமல் எழும்.

ஊபர் நிறுவனமும் அப்படித்தான் ஒரு நொடித் தாமதத்தை வைத்திருந்தது. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டெம்பி நகரில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவரை அதன் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 நொடிகள் முன்னரே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் மென்பொருள் அவரை வாகனம், வேறு ஏதோ பொருள், மிதிவண்டி என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறும்போதெல்லாம் அவர் அதுவரை நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டதால், அவர் காரின் பாதைக்குள் வருகிறார் என்பதை அதனால் ஊகிக்க முடியவில்லை. மோதல் நேரப்போகிறது என்று மென்பொருளுக்குத் தெரிந்தபோது எஞ்சியிருந்தது 1.2 நொடி. அதிலும் ஒரு நொடியை அந்தத் தாமதம் எடுத்துக்கொண்டது. வால்வோ காருக்கே உரிய அவசர பிரேக் வசதியும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

காரைக் கண்காணிக்க இருக்கையில் இருந்த ஓட்டுநர் சாலையைப் பார்க்கவில்லை என்பது உண்மை. முன்பு இருவர் அமர்ந்த வண்டியில் ஒருவரைக் குறைத்தது நிறுவனம் என்பதும் உண்மையே. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானவர் அந்த ஓட்டுநர் மட்டுமே.

ஆபத்து வந்தால் மனிதர் பார்த்துக்கொள்வார் என்ற இதே கணக்குதான் விமானத் துறையிலும். 346 பேரைப் பலிகொண்ட போயிங் 737 மேக்ஸ் விபத்துகளுக்கு முன், மூக்கைக் கீழே அழுத்தும் எம்கேஸ் மென்பொருள் தவறாக இயங்கினால் விமானி நான்கு நொடிகளில் சமாளித்துவிடுவார் என்று ஆவணங்கள் சொல்லின. அந்நிறுவனத்தின் சோதனை விமானி ஒருவருக்கே 2012இல் சிமுலேட்டரில் பத்து நொடிகளுக்கு மேல் ஆயிற்று என்பது பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் வெளிவந்தது.

இவற்றைப் படித்த பிறகு, ஆபத்துப் பகுப்பாய்வில் ‘ஓட்டுநர் கவனித்துக்கொள்வார்’ என்று எழுதிய வரி எதையும் நான் அப்படியே ஏற்பதில்லை. அவருக்கு எத்தனை நொடி கிடைக்கும், அதை யார் அளந்தார், அளந்தவர் பெயர் என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் பெயருக்கான கட்டம் படிவத்தில் எதற்கு என்று திட்ட மேலாளர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.