ஆம்பூர் பிரியாணியும் ஏ.ஐ. குரலும்: ஒரு ரீலுக்கு இரண்டு ஸ்கிரிப்ட்

"ஆம்பூர் பிரியாணி" என்று தட்டச்சு செய்து ஏதாவது ஒரு ஏ.ஐ. குரலிடம் கொடுத்துப் பாருங்கள். ஆம்பூரைச் சரியாகச் சொல்லிவிடும். 'ம்' பக்கத்தில் வரும் 'ப' தானாகவே குழைந்து ஒலிக்கும் என்பது தமிழின் வழக்கம், குரலும் அதைப் பழகியிருக்கிறது. அடுத்த சொல்லில்தான் சிக்கல். முதலில் நிற்கும் 'பி'யைப் 'பிள்ளை'யில் சொல்வதுபோல அழுத்துவதா, ஊரார் சொல்வதுபோலச் சொல்வதா என்பதற்கு எழுத்தில் எந்த அடையாளமும் இல்லை. குரல் ஊகிக்கிறது, சில நேரம் தவறிவிடுகிறது. பாகாயம், குடியாத்தம், பேக்கரி, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் இதே வகைதான்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கடைக்காரர்கள், டியூஷன் எடுப்பவர்கள், ஊர் வரலாறு சொல்பவர்கள் என்று நிறையப் பேர் ஷார்ட்ஸும் ரீல்ஸும் போடுகிறார்கள். ஏ.ஐ. குரலால் அவர்களுக்கு வேலை குறையும், சந்தேகமில்லை. ஆனால் தமிழில் அந்த நேர மிச்சம் ஸ்கிரிப்ட் எழுதும் விதத்தில்தான் கிடைக்கும். குரலுக்கும் சப்டைட்டிலுக்கும் ஒரே எழுத்தைக் கொடுத்தால் இரண்டில் ஒன்று கெடும்.

கூகுள் ஷீட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் கண்ணுக்கு, வலப்பக்கம் காதுக்கு. இடப்பக்கம் "1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை" என்று இருந்தால், வலப்பக்கம் "ஆயிரத்தி எண்ணூத்தி ஆறு, ஜூலை பத்து. வேலூர் கோட்டை" என்று இருக்கட்டும். "ரூ.180" என்பது "நூத்தி எண்பது ரூபா" ஆகும். "சி.எம்.சி." என்று புள்ளி வைத்தால் சில குரல்கள் ஒவ்வொரு புள்ளியிலும் வாக்கியம் முடிந்ததுபோல நிற்கும், "சிஎம்சி" என்று சேர்த்து எழுதுங்கள். போன் நம்பரை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லில் எழுதி, இடையிடையே காற்புள்ளி வையுங்கள். பிரியாணி மாதிரிச் சொற்களை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் பல குரல்கள் சரியாகச் சொல்லும். ஒரேயடியாக ஆங்கில வாடை அடித்தால் அந்த ஒரு சொல்லைத் தமிழுக்கு மாற்றி மறுபடி கேளுங்கள். சரியாக வந்த எழுத்தைத் தனித் தாளில் சேர்த்துவைத்தால் அடுத்த வீடியோவில் தேட வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை 30 விநாடிக்கு 50 முதல் 60 சொல் போதும். தமிழ்ச் சொற்கள் நீளம். அதற்கு மேல் திணித்துவிட்டு வேகத்தை ஏற்றினால் முதலில் சிதைவது ழ, ள, ற தான்.

பேச்சுத் தமிழ் இன்னும் கஷ்டம். "வரேன்" என்று நாம் சொல்லும்போது கடைசி 'ன்' மூக்கோடு கரைந்துவிடும். எந்திரம் அதை அழுத்திச் சொல்லும், கேட்பவருக்கு அங்கேயே பிடிபட்டுவிடும். "வாங்க, பாருங்க, இருக்கு" என்ற நடுத்தரமான பேச்சு நன்றாகவே வரும். "வாங்கிக்கினு", "ஊட்டாண்ட" மாதிரி நம் வட ஆற்காட்டுப் பேச்சு வேண்டுமென்றால், அந்த வரியைச் சொந்த வாயால் பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் 3 விநாடி உங்கள் குரல், விலையும் முகவரியும் ஏ.ஐ. குரல் என்று பிரித்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

குரலை எடுக்கும்போது முழு ஸ்கிரிப்டையும் ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று வாக்கியங்களாகப் பிரித்து, 01, 02 என்று எண்ணிட்டுச் சேமியுங்கள். விலை மாறினால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். ஒற்றைச் சொல்லைத் தனியாகக் கொடுத்தால் தொனி பிசகும். பக்கத்து வாக்கியத்தோடு சேர்த்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் அஷூரில் உள்ள பல்லவி, வள்ளுவர் குரல்கள் நிதானமானவை, அறிவிப்புக்குப் பொருந்தும். இலெவன்லேப்ஸ் மாதிரியானவற்றில் உணர்ச்சி கூடுதல், ஆனால் அதே வரியை மறுபடி எடுத்தால் தொனி மாறிவரும். அதனால் எடுத்த ஆடியோ எதையும் அழிக்காதீர்கள்.

சொந்தக் குரலை நகல் எடுப்பதாக இருந்தால் தமிழிலேயே பேசிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் பேசிக் கொடுத்த மாதிரியிலிருந்து வரும் தமிழில் அந்தச் சாயல் ஒட்டிக்கொள்ளும். சில கருவிகளுக்கு ஓரிரு நிமிடப் பதிவே போதும், ஆனால் அது சுத்தமாக இருக்க வேண்டும். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்துவது கொடுமைதான், ஆனாலும் நிறுத்துங்கள். ஃபேன் இரைச்சலையும் வெற்றுச் சுவரின் எதிரொலியையும் சேர்த்தே அது நகலெடுக்கும். விடியற்காலை, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதன் எதிரில் மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசினால் போதும்.

எடிட்டிங்கில் 1080-க்கு 1920 அளவு, 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) ஆடியோ. பின்னணி இசை குரலைவிட 18 முதல் 20 டெசிபல் கீழே இருக்கட்டும். சப்டைட்டில் நேரத்தைப் பொருத்த, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரித் தானியங்கிக் கருவியைப் பயன்படுத்தலாம், ஆனால் சப்டைட்டில் எழுத்தை இடப்பக்கப் பத்தியிலிருந்தே எடுங்கள். சில செயலிகளில் "கொ" எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள், அப்போதும் சிதறினால் செயலியை மாற்றுங்கள். திரையின் அடிப்பகுதியில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள், பெயரும் பட்டன்களும் அங்கே வந்து மறைக்கும்.

நடிகர் குரலில் கடை விளம்பரம் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. மறுத்துவிடுங்கள். பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏ.ஐ. மூலம் நகலெடுப்பதற்கு எதிராக 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தது. வேறொருவர் அனுமதியோடு அவர் குரலைப் பயன்படுத்தினாலும், யூடியூபில் பதிவேற்றும்போது "மாற்றப்பட்ட உள்ளடக்கம்" பற்றிய கேள்விக்கு "ஆம்" என்று குறியுங்கள்.