பரிசேயர் தரப்பையும் படியுங்கள்: ஓய்வுநாள் கேள்விக்கு நான் தயாரான விதம்

இறையியல் இளங்கலைப் படிப்பில் நற்செய்தி நூல்கள் தாளை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை, "ஓய்வுநாளில் இயேசு செய்த அற்புதங்கள் ஏன் சர்ச்சைக்குள்ளாயின?" என்ற கேள்வியைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனேன். பாலர் ஞாயிறு பள்ளியில் தொடங்கி எத்தனை பிரசங்கங்களில் கேட்ட விஷயம்! சூம்பின கையுடையவன், கூனி, நீர்க்கோவை வியாதிக்காரன், பெதஸ்தா குளத்தருகே கிடந்தவன், பிறவிக்குருடன் என்று வரிசையாக நான்கு பக்கம் எழுதினேன். பரிசேயர் (வேதச் சட்டத்தைக் கவனமாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினர்) கல்நெஞ்சர், இயேசு இரக்கமுள்ளவர் என்று முடித்தேன். அந்தத் தாளில் தேர்ச்சி பெறவில்லை.

அதே விடையை நினைவிலிருந்து மறுபடி எழுதி, எங்கள் சேகரத்தில் ஓய்வு பெற்றிருந்த குருவானவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "இதில் இயேசு பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அம்மா. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி எங்கே?" என்றார். அடுத்த ஓராண்டு நான் படித்த முறையையே அந்தக் கேள்வி மாற்றிவிட்டது. அதைத்தான் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நற்செய்தி நூல்களை மூடி வைத்துவிட்டு, யூதர்கள் வேலை செய்யாமல் இளைப்பாறும் ஏழாம் நாளான ஓய்வுநாளிலிருந்து தொடங்குங்கள். பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20-ல் ஓய்வுநாளுக்குக் காரணம் படைப்பு: கர்த்தர் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்தார். உபாகமம் 5-ல் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னை விடுவித்தார், ஆகவே உன் வேலைக்காரனும் உன் எருதும்கூட இளைப்பாறட்டும். இந்த இரண்டு காரணங்களையும் தாளின் முதல் பத்தியிலேயே எழுதப் பழகுங்கள். பின்னால் வரும் சர்ச்சைகள் பலவும் இவற்றில் ஒன்றையாவது தொட்டுத்தான் போகின்றன.

அடுத்தது, அந்த நாளுக்காக மக்கள் கொடுத்த விலை. மக்கபேயர் முதல் நூல் 2-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள், திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பில் கிடைக்கும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சுமார் ஆயிரம் பேர் ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்க மறுத்து அப்படியே மடிந்தார்கள். அதன் பிறகே, தாக்கப்பட்டால் ஓய்வுநாளிலும் போரிடலாம் என்று கிளர்ச்சித் தலைவர் மத்தத்தியாவும் அவருடன் இருந்தவர்களும் முடிவு செய்தார்கள். அதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உயிரைக் கொடுத்துக் காத்த ஒரு நாளை எவராவது தளர்த்தினால், அந்த மக்களின் பிள்ளைகள் கேள்வி கேட்கத்தானே செய்வார்கள்?

பிறகு மிஷ்னா. யூத ரபீக்களின் (சட்ட ஆசிரியர்களின்) வாய்மொழிச் சட்டங்களைக் கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுத்த அந்த நூல், ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகளை "நாற்பதுக்கு ஒன்று குறைய" என்று எண்ணிச் சொல்கிறது. அறுத்தல், போரடித்தல், பிசைதல், முடிச்சுப் போடுதல், அவிழ்த்தல், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்து செல்லுதல் எல்லாம் அதில் உண்டு. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நற்செய்தி நூல்களைத் திறந்தால் காட்சிகள் துலங்கும். மாற்கு 2-ல் இயேசுவின் சீஷர் வயலில் கதிர் கொய்தது அறுப்பு வேலை. பெதஸ்தாவில் குணமானவன் படுக்கையைச் சுமந்தது சுமை. யோவான் 9-ல் உமிழ்நீரால் சேறுண்டாக்கியது பிசைதல். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: மிஷ்னா இயேசுவுக்குப் பிந்திய தொகுப்பு. அதிலுள்ள ஒவ்வொரு விதியும் அவர் காலத்தில் அப்படியே இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். "பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட மரபின்படி" என்ற ஒரு சொற்றொடர் உங்களைக் காப்பாற்றும்.

அதே மிஷ்னா, உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறலாம் என்றும் சொல்கிறது. சர்ச்சையின் முனை இங்கேதான் இருக்கிறது. சூம்பின கை இன்னும் ஒரு நாள் சூம்பியே இருந்தாலும் அந்த மனிதன் சாகப்போவதில்லை. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் முடிந்துவிடும். அதுவரை பொறுத்தால் என்ன? கப்பர்நகூம் மக்கள் அப்படித்தான் பொறுத்தார்கள். சூரியன் அஸ்தமித்த பிறகே பிணியாளிகளைச் சுமந்து வந்தார்கள் என்று மாற்கு 1:32 சொல்வதை நான் எத்தனையோ முறை வாசித்தும் கவனித்ததில்லை.

இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர், லூக்கா 13-ல் இயேசு கூனியைக் குணமாக்கும் இடத்தில் வரும் ஜெபஆலயத் தலைவர். வேலை செய்ய ஆறு நாள் உண்டே, அந்த நாட்களில் வந்து குணமாகலாமே என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதை உணர்ந்த பிறகுதான் இயேசுவின் பதிலில் உள்ள வலு எனக்குப் புரிந்தது. நீங்கள் எருதையும் கழுதையையும் ஓய்வுநாளில் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே. பதினெட்டு வருஷமாய்க் கட்டுண்டிருந்த ஆபிரகாமின் குமாரத்தியை அவிழ்த்துவிட வேண்டாமா? கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் இரண்டு இடத்திலும் "அவிழ்த்து" என்றே வைத்திருக்கிறது. தாகம் கொண்ட மாடு சாயங்காலம் வரை காத்திருப்பதில்லை, இவள் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்? இப்போது உபாகமம் 5-ஐ நினையுங்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான நாளை நினைவுகூர ஏற்பட்ட நாள் அது. கட்டிலிருந்து ஒருத்தியை அவிழ்க்க அதைவிடப் பொருத்தமான நாள் ஏது? இயேசு அங்கே ஓய்வுநாளைக் கைவிடவில்லை, அதன் காரணத்தைக் காட்டுகிறார் என்று இரண்டாம் முறை எழுதினேன். என் விடையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

மத்தேயு 12-ல் குழியில் விழுந்த ஆடு வருகிறது. அதனுடன் தமஸ்கு ஆவணத்தை ஒப்பிடுங்கள். ஒரு யூதப் பிரிவின் விதிநூலான, சாக்கடலருகே கும்ரான் குகைகளிலும் பிரதிகள் கிடைத்த அந்த நூல், ஓய்வுநாளில் குழியில் விழுந்த மிருகத்தைத் தூக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் யூதர்களுக்குள்ளேயே கடுமையான தரப்பும் தளர்வான தரப்பும் இருந்தன. "யூதர்கள் இப்படி நினைத்தார்கள்" என்று ஒரே மூச்சில் எழுதுவது பிழை, அநியாயமும்கூட. ஓய்வுநாள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை என்ற கருத்து மெக்கில்தா என்ற ரபீக்களின் உரையிலும் இருக்கிறது. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது, மனுஷன் ஓய்வுநாளுக்காக அல்ல என்ற மாற்கு 2:27-க்கு எவ்வளவு நெருக்கம், பாருங்கள். அந்த வசனம் மத்தேயுவிலும் லூக்காவிலும் இல்லை என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

இனி அற்புதங்கள். எதிராளிகள் அற்புதம் நடக்கவில்லை என்று வாதிட்டதாகவே நான் எண்ணியிருந்தேன். மாற்கு 3:22-ஐப் பாருங்கள்: பிசாசுகள் துரத்தப்படுவதை யாரும் மறுக்கவில்லை, யாருடைய வல்லமையால் என்பதே கேள்வி. அதற்கு வேதத்திலேயே அடிப்படை உண்டு. அடையாளம் செய்துகாட்டும் தீர்க்கதரிசியும் வழிவிலகச் செய்யலாம், அவனுக்குச் செவிகொடாதே என்கிறது உபாகமம் 13. மிஷ்னாவை விரித்துப் பேசும் பாபிலோனிய தல்மூதில் ஒரு காட்சி வருகிறது: ரபீ எலியேசர் தம் தீர்ப்பு சரியென்று காட்ட மரத்தை இடம்பெயரச் செய்கிறார், நீரோடையைப் பின்னோக்கி ஓடச் செய்கிறார், மற்றவர்களோ இவை சட்டத்துக்குச் சாட்சி ஆகா என்று மறுத்துவிடுகிறார்கள். பிற்காலக் கதைதான். ஆனால் யோவான் 9:16-ல் பரிசேயர் இரண்டாகப் பிரிவதை இதைவிட நன்றாக விளக்குவது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஓய்வுநாளைக் கைக்கொள்ளாதவன் தேவனிடத்திலிருந்து வந்தவனல்ல என்கிறது ஒரு சாரார். பாவியால் இப்படிப்பட்ட அற்புதங்களைச் செய்ய முடியுமா என்கிறது மறு சாரார். இரண்டு பேருக்கும் காரணம் இருக்கிறது. பரிசேயருக்குள்ளேயே இந்தப் பிளவு இருந்ததை யோவான் மறைக்காமல் எழுதியது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் தவிருங்கள். நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அருகிலுள்ள பிரகாசபுரத்தில் 1857-ல் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை மிஷனிலிருந்து பிரிந்து தொடங்கிய சபை, சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கொண்டது. அதனால் ஓய்வுநாள் என்றதும் சனியா ஞாயிறா என்ற விவாதத்துக்கு என் மனம் ஓடிவிடும். நற்செய்தி நூல்களில் எந்த நாள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்த நாளில் என்ன செய்யலாம் என்பதே வழக்கு.

பெயர் முரண்களுக்கும் பாடபேதங்களுக்கும் (பழைய பிரதிகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளுக்கும்) அதிக நேரம் தர வேண்டாம். தாவீது பரிசுத்த அப்பத்தை வாங்கியபோது இருந்த ஆசாரியனாக மாற்கு 2:26 அபியத்தாரைச் சொல்ல, 1 சாமுவேல் 21 அகிமெலேக்கைச் சொல்கிறது. மற்ற இரு சுவிசேஷகரும் பெயரையே விட்டுவிட்டார்கள். தூதன் குளத்தைக் கலக்கும் யோவான் 5:4 மிகப் பழைய பிரதிகளில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

படிக்கும்போது பழைய மொழிபெயர்ப்பையும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். யோவானில் ஒன்று "அற்புதம்" என்னும் இடத்தில் மற்றது "அரும் அடையாளம்" என்று சொல்லும். கிரேக்கச் சொல்லின் பொருள் அடையாளம்தான்.

நேரம் குறைவாக இருந்தால் லூக்கா 13:10-17-ஐயும் யோவான் 9-ஐயும் மட்டுமாவது ஆழமாகப் படித்துக்கொள்ளுங்கள். ஐந்து அற்புதங்களை மேலோட்டமாக அடுக்குவதைவிட இந்த இரண்டு வழக்குகளை இரு தரப்பும் பேசும்படி எழுதினால் விடை நிற்கும். யோவான் 9-ல் பலர் குணமான இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். விசாரணை, பெற்றோரின் பயம், குணமானவனைப் புறம்பே தள்ளியது, அதைக் கேள்விப்பட்டு இயேசு அவனைக் கண்டுபிடித்துப் பேசியது எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. 41 வசனங்களையும் ஒரே அமர்வில், சத்தமாக வாசித்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறவுங்கள்.