எந்த மாற்றத்தில் உடைந்தது? கெர்னலைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடிய அனுபவம்

என் மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் டெஸ்டிங் பதிப்பு ஓடுகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு அதில் ஒரு கோளாறு தொடங்கியது. மூடியை மூடினால் ஒழுங்காக உறங்கும். திறந்தால் சில நேரம் எழும், சில நேரம் கறுப்புத் திரையோடு அப்படியே நின்றுவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஏற்றினால் இந்தத் தகராறே இல்லை. வன்பொருள் நன்றாக இருக்கிறது, டெஸ்க்டாப்பும் அதேதான், மாறியது கெர்னல் மட்டும்தான் என்பது இந்த ஒரு சோதனையிலேயே தெளிவாகிவிட்டது.

பழைய கெர்னலிலேயே இருந்துவிடலாம்தான். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குத் தொடர்ந்து வரப்போவதில்லை. லினக்ஸ் கெர்னலை உருவாக்குபவர்கள் ஒரு விதியை விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. முன்பு வேலை செய்த ஒன்று புதிய பதிப்பில் வேலை செய்யாமல் போனால் அதற்கு ரெக்ரெஷன் என்று பெயர். அதைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு மாற்றத்தைக் கொண்டுவந்தவருடையது. “எழவில்லை, உதவுங்கள்” என்று மட்டும் எழுதினால் அதைக் கையில் எடுக்க ஆள் கிடைப்பது கடினம். மூலநிரலில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கமிட் என்று பெயர். “இந்தக் கமிட்டுக்கு முன்பு எழுந்தது, இதற்குப் பின்பு எழவில்லை” என்று எழுதினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது.

அந்தக் கமிட்டைக் கண்டுபிடிக்க, வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவரை எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது. கெர்னல் வேலைக்காகவே 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய, மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவியான கிட், பைசெக்ட் என்ற கட்டளையைத் தருகிறது. நல்ல பதிப்பு எது, கெட்ட பதிப்பு எது என்று சொல்லிவிட்டால் நடுவில் இருக்கும் ஒரு கமிட்டை அது எடுத்துத் தரும். அதைக் கம்பைல் செய்து (மூலநிரலை இயங்கும் கெர்னலாக மாற்றி), கணினியை அதில் ஏற்றிப் பார்த்து, நல்லது அல்லது கெட்டது என்று பதில் சொல்ல வேண்டும். தேட வேண்டிய பகுதி ஒவ்வொரு பதிலுக்கும் பாதியாகக் குறையும். 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒரு முறை வெளியாகும் ஒரு கெர்னல் பதிப்பில் பத்தாயிரத்துக்கும் அதிகமான கமிட்டுகள் சேர்கின்றன. ஆனால் 2-ஐ 14 முறை பெருக்கினால் 16,384. அதாவது அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு இடையில் தேட ஏறக்குறைய 14 கேள்விகள் போதும். அகராதியை நடுவில் திறந்து சொல் தேடுவது போலத்தான் இதுவும்.

தேடலைத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொண்டேன். முதலாவது, சோதனைக் கட்டத்தில் இருக்கும் ஆகப் புதிய ஆர்சி கெர்னலிலும் கோளாறு இருக்கிறதா? யாராவது ஏற்கெனவே சரிசெய்திருந்தால் இவ்வளவு உழைப்பும் வீண். இரண்டாவது, டெபியனின் சொந்த பேட்ச்கள் (திருத்தங்கள்) எதுவும் கலக்காத மூலக் கெர்னலில், நானே கம்பைல் செய்த பழைய பதிப்பு உண்மையிலேயே நன்றாக எழுகிறதா? இரண்டு முனைகளையும் இப்படி ஊன்றிக்கொள்ளாமல் நடுவில் தேடுவதில் பொருளில்லை.

கம்பைல் செய்யும் ஏற்பாடுதான் புதிதாக வருபவர்களைத் திரும்பிப் போகவைக்கும் இடம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிட் களஞ்சியத்தை முழு வரலாற்றோடு இறக்க வேண்டும். சில ஜிபி ஆகும். நாமே கட்டும் கெர்னலுக்குக் கையொப்பம் இருக்காது என்பதால் செக்யூர் பூட் இயங்கும் கணினி அதை ஏற்காது. ஃபர்ம்வேர் அமைப்பில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தேன். அடுத்தது கான்ஃபிக், அதாவது கெர்னலில் எவையெல்லாம் சேர வேண்டும் என்று சொல்லும் கோப்பு. டெபியன் தரும் கான்ஃபிக் எல்லாக் கணினிகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் ஆயிரக்கணக்கான மாட்யூல்களை (தேவைப்படும்போது ஏறும் கெர்னல் துண்டுகளை) கட்டச் சொல்லும். மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் என்று கொடுத்தால் அந்த நொடியில் கணினியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும். மணிக்கணக்கில் ஓடும் கம்பைல் நிமிடக்கணக்குக்கு வந்துவிடும். அதனால் அந்தக் கட்டளைக்கு முன்பே யூஎஸ்பி டிரைவ், ஹெட்செட், வெளித்திரை என்று வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒரு முறை இணைத்துவிட வேண்டும்.

டெபியன் கான்ஃபிக்கை அப்படியே எடுத்தால் சான்றிதழ்க் கோப்பு இல்லை என்று கம்பைல் பாதியில் நிற்கும். அந்தக் கோப்பு டெபியனின் பொதியில்தான் இருக்கிறது, மூலக் கெர்னலில் கிடையாது. சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்ற அமைப்பை வெறுமையாக்கினால் தீர்ந்தது. பிழைதேட உதவும் டீபக் தகவல்களையும் அணைத்தேன். இல்லையென்றால் வட்டில் இடம் பறிபோகும், நேரமும் கூடும். இப்படி உருவான கான்ஃபிக்கை வேறொரு இடத்தில் பத்திரமாக நகலெடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் அந்த நகலிலிருந்தே தொடங்கினேன். பைசெக்ட் வரலாற்றில் முன்னும் பின்னும் தாவும்போது, பழைய இடத்தில் இல்லாத அமைப்புகள் கான்ஃபிக்கிலிருந்து சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். புதிய இடத்துக்குத் திரும்பும்போது அவை தானாக வந்து சேராது.

என் கோளாறு எப்போதும் வருவதில்லை, எப்போதாவது வருவது. இந்த வேலை முழுவதிலும் கடினமான பகுதி இதுதான். ஒரு முறை எழாமல் போனால் அந்தக் கெர்னல் கெட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு முறை எழுந்தால் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஐந்தில் ஒரு முறை எழவிடாமல் தடுக்கும் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். கெட்ட கெர்னல் தொடர்ந்து 10 முறை ஒழுங்காக எழுந்து நம்மை ஏமாற்றும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். 20 முறை சோதித்தால் அது ஒரு சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். ஒரே ஒரு தவறான “நல்லது” போதும், அதற்குப் பிந்தைய தேடல் முழுவதும் வரலாற்றின் வேறொரு மூலைக்குப் போய்விடும். கடைசியில் கிட் சம்பந்தமே இல்லாத ஒரு கமிட்டை உறுதியோடு நீட்டும். “நல்லது” என்ற பதிலை அவசரமில்லாமல் தருவதில்தான் முடிவின் நம்பகத்தன்மை இருக்கிறது.

இத்தனை முறை மூடியைத் திறந்து மூட வேண்டியதில்லை. ஆர்டிசிவேக் என்ற கட்டளை கணினியை உறங்கவைத்து, நாம் சொன்ன நொடிகள் கழிந்ததும் தானே எழுப்பும். அதைச் சுழற்சியில் ஓடவிட்டு, ஒவ்வொரு முறை எழுந்ததும் ஒரு வரியைக் கோப்பில் எழுதும் சிறு ஸ்கிரிப்ட் போதும். மூடியால் உறங்குவதும் இதுவும் ஒரே மாதிரி தடுக்கின்றனவா என்று கெட்ட கெர்னலில் முதலில் சரிபார்த்துக்கொண்ட பிறகே இதை நம்பினேன்.

நடுவில் சில கமிட்டுகள் கம்பைலே ஆகவில்லை. அவற்றைக் கெட்டது என்று சொல்லக்கூடாது. நாம் தேடும் கோளாறு அவற்றில் இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரியாது, அதனால் பைசெக்ட் ஸ்கிப். சில கட்டங்களில் கெர்னலின் பதிப்பு எண், நான் நல்லது என்று சொன்ன பதிப்பைவிடப் பழையதாகத் தெரிந்தது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். பழைய பதிப்பிலிருந்து கிளைபிரித்து எழுதப்பட்டு, பின்னால் இணைக்கப்பட்ட கிளைக்குள் கிட் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் பைசெக்ட் லாக் வெளியீட்டைச் சேமித்துவைத்தேன். எங்காவது சந்தேகம் வந்தால் அந்த இடத்திலிருந்து மீண்டும் ஓட்டிக்கொள்ளலாம்.

கறுப்புத் திரை என்றதும் கிராபிக்ஸ் டிரைவரைத்தான் எவரும் சந்தேகிப்பார்கள். குறிப்பிட்ட கோப்புறையைத் தொட்ட கமிட்டுகளை மட்டும் தேடு என்று பைசெக்டிடம் சொல்லவும் வழி உண்டு. கேள்விகளும் குறையும். நான் அதைத் தொடவில்லை. ஊகம் தவறினால் சரியான விடை தேடலுக்குள்ளேயே இருக்காது. கடைசியில் கிட் காட்டிய கமிட்டுக்கும் கிராபிக்ஸுக்கும் தொடர்பில்லை. சேமிப்பகக் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்றை, உறக்கத்துக்குப் போகும்போது இன்னும் ஆழமான மின்சேமிப்பு நிலைக்கு அனுப்பும் சில வரி மாற்றம் அது. எழுந்ததும் வட்டு பதில் சொல்லவில்லை, அதனால் திரையிலும் எதுவும் வரவில்லை.

கிட் சொல்லிவிட்டது என்பதற்காக உடனே அனுப்பவில்லை. ஆகப் புதிய கெர்னலை எடுத்து, அந்த ஒரு கமிட்டை மட்டும் ரிவர்ட் செய்து, அதாவது நீக்கிவிட்டு, கட்டி, இரவு முழுக்க உறங்கி எழவிட்டேன். ஒரு முறையும் தடுக்கவில்லை. என் அறிக்கையில் ஆக வலுவான சான்று இதுதான்.

யாருக்கு எழுதுவது என்பதற்கு மூலநிரலிலேயே விடை உண்டு. மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பும், அதைப் படித்துச் சொல்லும் ஒரு ஸ்கிரிப்டும் இருக்கின்றன. கமிட்டை எழுதியவர், அந்தப் பகுதியின் பராமரிப்பாளர், ரெக்ரெஷன்களுக்கான மடற்குழு ஆகியோருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். அது வெற்று உரையாக இருக்க வேண்டும். எச்டிஎம்எல் வடிவில் அனுப்பினால் மடற்குழு ஏற்காது. என்ன நடக்கிறது, எந்தக் கமிட், ரிவர்ட் செய்தால் என்ன ஆகிறது, என்ன வன்பொருள் என்பவற்றோடு பைசெக்ட் லாக்கையும் சேர்த்தேன். என் ஊகம் எதையும் எழுதவில்லை.

கமிட்டை எழுதியவரிடமிருந்து பதில் வந்தது. சிப்பின் அடையாள எண்ணைக் கேட்டார், கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) வெளியீட்டைக் கேட்டார், பிறகு ஒரு சோதனை பேட்ச் அனுப்பினார். கிட் ஏஎம் கட்டளையால் அதைப் பொருத்தி, அதே ஸ்கிரிப்டை அதே அளவு நேரம் ஓட்டிவிட்டு முடிவை எழுதினேன். திருத்தம் மெயின்லைன் எனப்படும் முதன்மைக் கெர்னலில் சேர்ந்தபோது ரிப்போர்ட்டட்-பை (தெரிவித்தவர்), டெஸ்டட்-பை (சோதித்தவர்) என்ற இரண்டு வரிகளில் என் பெயர் இருந்தது. எதைத் திருத்துகிறது என்று சொல்லும் ஃபிக்ஸஸ் என்ற வரியில் பழைய கமிட்டின் எண். நானும் அந்த வரலாற்றில் பங்கெடுத்தவன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மெயின்லைனில் சேர்ந்த பின்புதான் ஒரு திருத்தம், ஏற்கெனவே வெளியான பதிப்புகளைப் பராமரிக்கும் ஸ்டேபிள் கிளைகளுக்குப் போகும், அங்கிருந்து டெபியனுக்கு வரும். அதுவரை ரிவர்ட் செய்த என் கெர்னலிலேயே இருந்தேன். டெபியனின் பொதி வந்ததும் ஸ்கிரிப்டை அதிலும் ஓட்டிப் பார்த்தேன். பிறகு, சோதனைக் கெர்னல்களை நீக்கி, பூட் பகிர்வை அடைத்துக்கொண்டிருந்த, தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புகளும் போய்விட்டனவா என்று பார்த்து, கிரப் மெனுவைப் புதுப்பித்து, செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கினேன். கான்ஃபிக் நகலையும் ஸ்கிரிப்டையும் மட்டும் வைத்திருக்கிறேன். அடுத்த ரெக்ரெஷனுக்கு அவை வேண்டும்.