பட்டறைக் கணக்கை ஏன் ரெஸ்யூமில் எழுத மாட்டேன் என்கிறீர்கள்?

சேலத்தில் ஐந்து ரோட்டிலோ பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய் "அண்ணா, பயோடேட்டா அடிக்கணும்" என்று சொன்னாலும், கடைக்காரர் புதிதாக எதையும் ஆரம்பிக்க மாட்டார். முன்னால் வந்து போன யாருடைய கோப்பையாவது திறந்து, பெயரையும் போன் நம்பரையும் படிப்பையும் மாற்றி பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, பக்கத்துக்கு வாங்கும் காசுக்கு அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாள் எங்கள் மேசைக்கு வரும்போது, ஓமலூர்ப் பையனின் உறுதிமொழிக்குக் கீழே "இடம்: ஈரோடு" என்று இருக்கும்.

நான் சேலத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். இதே ஊரில் பி.காம். படித்து, வேலை தேடி அலைந்து வந்தவள்தான். அலுவலகம், கணக்கு, ஸ்டோர்ஸ் வேலைகளுக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் பிரித்து வைப்பது என் பொறுப்பு. ஒரு விளம்பரத்துக்குக் கட்டுக்கட்டாக வரும். முதல் பார்வையில் ஒரு தாளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அந்த ஒரு நிமிடத்தில் எது கண்ணில் படுகிறது, எது படுவதில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"சவாலான சூழலில் என் திறமைகளை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவது" என்பது முதல் வரி. அப்புறம் டீம் பிளேயர், ஹார்டு வொர்க்கர், க்விக் லேர்னர். பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. பத்தில் ஒன்பது பேர் இதையேதான் எழுதுகிறார்கள். படிக்கிறவர் கண் இந்த வரிகளில் நிற்பதே இல்லை. ஆள் யார் என்று காட்டக்கூடிய விஷயம் ஏதாவது இருந்தால், அதை இவர்களே விட்டுவிடுகிறார்கள்.

சிவதாபுரத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு அடுத்த வீட்டுத் தம்பி ஒருவன், பி.காம். முடித்துவிட்டு ரெஸ்யூமை என்னிடம் காட்டினான். அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டிருந்தான். அவர்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை.

"பட்டறைக் கணக்கு யாருப்பா பார்க்கிறது?"

"நான்தான்க்கா. அப்பாவுக்கு கம்ப்யூட்டர் வராது."

"அதை ஏன் எழுதலை?"

"அது வீட்டு வேலைதானேக்கா."

அந்த 'வீட்டு வேலை' என்னவென்று உட்கார்ந்து கேட்டேன். வியாபாரி கொடுத்த வெள்ளியின் எடை, அதன் டச் (அதாவது எவ்வளவு சுத்தம் என்ற அளவு), பட்டறையிலிருந்து திரும்பிப் போகும் கொலுசின் எடை, இடையில் போகும் சேதாரம், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று ஆளாளுக்குத் தனிக் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. காலேஜில் சேர்ந்ததிலிருந்து இதை எக்செல்லில் ஏற்றி வருகிறான். இதைவிட நல்ல ஸ்டோர்ஸ் பயிற்சியை எந்தக் காலேஜும் கொடுக்காது.

டீம் பிளேயர் வகையறாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இப்படி எழுத வைத்தேன்: "குடும்ப வெள்ளிப் பட்டறையில் கணக்குப் பதிவு. பெற்ற வெள்ளி, திரும்பிய கொலுசு எடை, சேதாரம் ஆகியவற்றை வாரந்தோறும் எக்செல்லில் சரிபார்த்தல். எட்டுத் தொழிலாளர்களுக்கு வாரக் கூலி கணக்கிட்டு வழங்குதல்." மூன்றே வரி. ஆங்கிலத்தில் போட்டபோதும் இதே எளிய சொற்கள்தான்.

பிறகு ஒரு இரும்பு வியாபார நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் வேலைக்கு நேர்காணல். "கொடுத்த எடையும் திரும்பி வந்த எடையும் ஒத்து வரலைன்னா என்ன செய்வே?" என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் தராசைச் சரிபார்ப்பேன், அடுத்து பதிவில் எங்காவது எண் மாறியிருக்கிறதா பார்ப்பேன், எங்கள் பட்டறையில் கூட்டி வைத்த தூசியைக்கூட எடை போட்டு வைப்போம் என்று இவன் சொல்லிக்கொண்டே போயிருக்கிறான். வேலை கிடைத்தது. டீம் பிளேயர் என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

நம் மாவட்டத்தில் இப்படி மறைந்து கிடக்கும் அனுபவம் ஏராளம். இளம்பிள்ளைத் தறி வீட்டுப் பெண் வாட்ஸ்அப்பில் சேலை ஆர்டர் எடுத்து பார்சல் அனுப்பியிருப்பாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக் கிழங்கு லோடுக்கு பாயிண்ட், அதாவது மாவுச்சத்து அளவு, பார்த்து எழுதியிருப்பான். ஏற்காட்டில் காபிப் பழம் எடுக்கும் சீசனில் எடை போட்டு, ஆள் கணக்கு எழுதியவர்கள் உண்டு. எல்லோரும் அனுபவம் 'இல்லை' என்றே எழுதுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. அப்பாவின் பட்டறைக்கு உங்களை ஜெனரல் மேனேஜர் ஆக்கிக்கொள்ள வேண்டாம். "குடும்பத் தொழிலில் உதவி" என்று போட்டாலே மரியாதைதான். சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டால், இல்லை, வீட்டுத் தொழில் என்று நேராகச் சொல்லிவிடலாம். அதே மாதிரி, இரும்பாலையையோ மேட்டூர் அனல்மின் நிலையத்தையோ காலேஜ் பஸ்ஸில் போய் ஒரு நாள் சுற்றிப் பார்த்ததை 'பயிற்சி' என்று எழுதாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

டிகிரிக்குப் பிறகு குரூப் 4, குரூப் 2 என்று படித்து, கிடைக்காமல் தனியார் வேலைக்கு வருகிறவர்கள் அந்த வருடங்களை வெற்றிடமாக விட்டுவிடுகிறார்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும். "2022 – 2024: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குத் தயாரிப்பு" என்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் இதைப் புரிந்துகொள்ளாத பணியாளர் அதிகாரி யாரும் இல்லை, எங்களில் பாதிப்பேர் அந்தப் பரீட்சைகளை எழுதியவர்கள்தான். அந்த வருடங்களில் டைப்ரைட்டிங் முடித்திருந்தால் அதையும் சேருங்கள். 'டைப்பிங் தெரியும்' என்பதைவிட 'ஆங்கிலம் ஹையர், நிமிடத்துக்கு 45 சொல்' என்பது கண்ணில் படும். அரியர் வரலாற்றை நீங்களாக எழுத வேண்டியதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

தாளின் வடிவம் பற்றிக் கொஞ்சம். புதிதாக வருகிறவருக்கு ஒரு பக்கம் தாராளம். பெரிய நிறுவனங்களில் மனிதர் பார்ப்பதற்கு முன் ஒரு மென்பொருள் வாசிக்கும். பக்கத்தை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்த கலர் டெம்ப்ளேட், கட்டம், படம் எல்லாம் அதைக் குழப்பலாம். பிரிண்ட் எடுத்ததை போனில் படம் பிடித்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் அதுவும் சிக்கல்தான். சோதித்துப் பார்ப்பது சுலபம்: கோப்பைத் திறந்து எழுத்தின் மேல் மவுஸை இழுங்கள். எழுத்து தனியாகத் தேர்வானால் சரி, ஆகாவிட்டால் அது வெறும் படம். விளம்பரத்தில் 'டேலி பிரைம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்' என்று கேட்டிருந்தால், தெரிந்த பட்சத்தில் அதே சொற்களைப் போடுங்கள். 'அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்கள்' என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது.

கோரிமேட்டில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கும். பதிவைப் புதுப்பிக்க மட்டும் அங்கே போகாமல், முகாமுக்கும் போங்கள். போகும்போது ஒரே ரெஸ்யூமைக் கட்டாக எடுத்துப் போவதில் பிரயோஜனம் கம்மி. கணக்கு வேலைக்கு ஒன்று, விற்பனை வேலைக்கு ஒன்று என்று இரண்டு வகை வைத்திருங்கள். இரண்டிலும் அதே உண்மைகள்தான், எது மேலே வருகிறது என்பதுதான் மாறும். நம் தம்பியின் விற்பனை ரெஸ்யூமில், வியாபாரிகளிடம் கூலி பாக்கி வசூலித்தது முதல் வரியாகப் போனது.

ஆதார் எண், பான் எண், சாதி, அப்பாவின் வருமானம் எதுவும் ரெஸ்யூமில் வேண்டாம். அந்தத் தாள் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் என்று உங்களுக்குத் தெரியாது. பெயர், ஊர், போன், ஒழுங்கான மின்னஞ்சல் போதும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டாகத் தொடங்கிய 'தலவெறியன்' வகை முகவரிகளை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலில் ஒரு வரிகூட எழுதாமல் கோப்பை மட்டும் இணைத்து அனுப்புகிறவர்கள் நிறைய. எந்த வேலைக்கு, எங்கே பார்த்து விண்ணப்பிக்கிறீர்கள், எப்போது சேர முடியும் என்று மூன்று வரி எழுதுங்கள். கோப்பின் பெயர் 'ரெஸ்யூம் ஃபைனல் 2' என்று இருந்தால், எங்கள் கணினியில் அதே பெயரில் இன்னும் பலருடையது கிடக்கும். உங்கள் பெயரும் வேலையின் பெயரும் அதில் வரட்டும். அனுப்பிய பிறகு ஒரு வாரமாவது தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுங்கள். லோன் கம்பெனி என்று நினைத்து நீங்கள் கட் செய்வது பல நேரம் நாங்கள்தான்.