கிறிஸ்துமஸ் காலைக்கு ஒரு பாம்பே டோஸ்ட்

டிசம்பர் 19, வெள்ளி

கிறிஸ்துமஸ் அன்று காலையில் ராமேஸ்வரம் தீவில் உள்ள எங்கள் தங்கச்சிமடத்து வீட்டில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் என்பது மாறாத ஏற்பாடு. அதை மாற்றும் எண்ணம் எனக்கும் இல்லை. ஆனால் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து படுக்கவே இரண்டு மணியாகிவிடுகிறது, குழம்பு இறங்க ஒன்பதரை ஆகும், பிள்ளைகளோ ஏழு மணிக்கே எழுந்து குடிலைச் சுற்றி நின்றுகொண்டு பசிக்கிறது என்பார்கள். இடைப்பட்ட அந்த நேரத்துக்குப் பிஸ்கட்டை நீட்டுவதற்குப் பதிலாக, இவ்வாண்டு தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் சேர்த்த பாம்பே டோஸ்ட் செய்வதென்று முடிவு செய்திருக்கிறேன். "நல்ல நாளும் பொழுதுமா ரொட்டியவா குடுக்கப்போற?" என்று அம்மா கேட்டார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பண்டம் என்ற எண்ணம் இங்கே ரொட்டியை விட்டு இன்னும் போகவில்லை. போர்ச்சுக்கல்லில் கிறிஸ்துமஸுக்கென்றே ரபனாடா என்ற பெயரில் ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் நனைத்துப் பொரித்து, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவி உண்கிறார்கள் என்றும், ஸ்பெயினில் இதன் உறவான டொர்ரிஹா புனித வாரத்துப் பண்டம் என்றும் சொன்னேன். அம்மா அசரவில்லை. கறி எடைபோடும்போது எலும்பு அதிகம் விழாமல் பார்த்துக்கொள் என்றார்.

டிசம்பர் 20, சனி

சமையல் குறிப்புகள் எல்லாம் ஒரு நாள் பழைய ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. குளிர்காலத்தில் காற்று வறண்டு கிடக்கும் நாடுகளில், வெளியே வைத்த ரொட்டி ஓர் இரவில் காய்ந்துவிடும் என்பதால் அந்த வரி அங்கே போதும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அடங்காத மார்கழியில், நாலாபுறமும் கடல் சூழ்ந்த இந்தத் தீவில், சாடியில் இருக்கும் உப்பே கசிகிறது. இங்கே ரொட்டி பழையதாகும், பூஞ்சை பிடிக்கும், ஆனால் உலராது.

பழையதாவது வேறு, உலர்வது வேறு. மாவு வேகும்போது நீரை உறிஞ்சி இளகிய மாச்சத்து, ரொட்டி ஆறிய பிறகு மெல்ல மெல்லப் படிகமாக இறுகுகிறது. ரொட்டி விறைப்பதற்கு முதல் காரணம் அதுதான். குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரி வெப்பநிலையில் இந்த இறுக்கம் இன்னும் விரைவாக நடக்கும். ஆனால் அவ்வாறு விறைத்த ரொட்டியைச் சூடாக்கினால், 60 டிகிரியைத் தாண்டியதும் மறுபடி இளகிவிடும், ஏனென்றால் அதனுள் இருந்த நீர் அப்படியேதான் இருக்கிறது. பால் புகுவதற்கு இடம் வேண்டுமென்றால் அந்த நீர் வெளியேறியாக வேண்டும். டோஸ்ட் நடுவில் கொழகொழவென்று இருக்கிறது என்று பலரும் பாலைக் குறை சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் குற்றவாளி பெரும்பாலும் ஈரம் போகாத ரொட்டிதான்.

பாக்கெட் ரொட்டியின் துண்டுகள் மெல்லியவை; பாலில் இட்டால் தூக்கும்போதே கிழியும். ஆகையால் 24ஆம் தேதி மாலைக்கு வெட்டாத பால் ரொட்டி இரண்டு வேண்டும் என்று பேக்கரியில் இன்றே சொல்லிவைத்தேன். கேக் வேலை நெருக்கும் வாரம் இது. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நறுக்கிய பாக்கெட்டைத்தான் தருவார்கள்.

டிசம்பர் 22, திங்கள்

சாயல்குடியிலிருந்து கோடையில் வாங்கிவந்த கருப்பட்டி ஓலைக்கொட்டானில் இருக்கிறது. இந்த மாதத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து மேற்பரப்பு பிசுபிசுக்கத்தான் செய்யும்; ருசிக்கு ஒன்றும் குறைவில்லை. சர்க்கரை கலந்து வார்த்த கருப்பட்டி சந்தையில் மலிந்துவிட்டதால், பனை ஏறும் குடும்பத்திடம் நேரே வாங்குவதே என் வழக்கம். கால் கிலோவைத் தட்டி, முக்கால் தம்ளர் நீரில் கரைத்து, துணியில் வடிகட்டினேன்; அடியில் தங்கிய மணலைப் பார்த்தால் இந்த வேலையை யாரும் தவிர்க்க மாட்டார்கள். கம்பிப் பதம் வரும் முன்பே, கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டும்போதே இறக்கிவிட்டேன், ஆறினால் இன்னும் இறுகும் என்பதால். ஏலக்காய் சேர்க்கவில்லை. கருப்பட்டிக்குச் சுக்குதான் பொருத்தம். ஒரு சிட்டிகை போதும்.

கருப்பட்டியைப் பாலிலேயே கரைத்துவிடலாமே என்று மதினி தொலைபேசியில் கேட்டார். சூடான பாலில் அதைச் சேர்த்தால் திரிந்துபோகும் வாய்ப்பு உண்டு. அதைவிட முக்கியம், முட்டைக் கலவையில் இனிப்பு மிகுந்தால் உள்ளே வேகும் முன்பே வெளிப்புறம் கருகிவிடும். நனைக்கும் பாலில் பெயருக்கு இனிப்பு, மேலே ஊற்றும் பாகில் முழு இனிப்பு என்பதே என் கணக்கு.

டிசம்பர் 23, செவ்வாய்

முட்டையும் சுருள்பட்டையும் வாங்கியாயிற்று. தடித்த பட்டை பிரியாணிக்கு ஆகும். இதற்கு, விரலால் நொறுக்கினால் தாள்தாளாக உதிரும் இலங்கைப் பட்டைதான் மென்மையாக மணக்கும். டிசம்பர் என்பதால் முட்டை விலை வழக்கம்போல் ஏறியிருக்கிறது.

டிசம்பர் 24, புதன்

மாலை ஐந்து மணிக்கு ரொட்டி வந்தது. பெருவிரல் பருமனுக்குப் பன்னிரண்டு துண்டுகள் போட்டு, சுளகில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். எட்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தபோது மேற்புறம் தோல்போல் இழுபட்டது, நடு அப்படியே மெத்தென்று இருந்தது; விசிறியால் இந்தக் காற்றில் அவ்வளவுதான் முடியும். பிறகு எண்ணெய் படாத தோசைக்கல்லை மிகச் சிறு தீயில் வைத்து, ஒவ்வொரு துண்டையும் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் வாட்டினேன். நிறம் மாறக் கூடாது. நகத்தால் தட்டினால் சத்தம் வர வேண்டும். ஆறியதும் மூடியுள்ள டப்பாவில் அடைத்தாயிற்று. இல்லையேல் விடிவதற்குள் காற்று தன் ஈரத்தை அதற்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

கலவைக்கு ஆறு முட்டை, 350 மில்லி ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால், 150 மில்லி கெட்டியான முதல் தேங்காய்ப்பால், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, பட்டைத்தூள். ஒரு முட்டைக்கு 80 மில்லி அளவில் பால் என்பது உள்ளே இளக்கமாகவும் வெளியே பிடிப்பாகவும் இருக்க ஏற்ற விகிதம். முட்டையை முதலில் தனியே அடித்து, பால் சேர்த்தபின் வடிகட்டினேன். அடிபடாத வெள்ளைக்கரு நூல்நூலாக நின்றால் டோஸ்டின் ஓரத்தில் ஆம்லெட் தொங்கும். ரொட்டியை இரவிலேயே ஊறவைப்போரும் உண்டு. இங்கே நள்ளிரவில் மின்சாரம் போனால் பன்னிரண்டு துண்டும் வீணாகும் என்பதால், கலவையை மட்டும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் திருப்பலிக்குக் கிளம்புகிறோம்.

டிசம்பர் 25, வியாழன்

மீன் பொரிக்கும் கல்லை ஒதுக்கிவிட்டு, தோசைக்கு மட்டும் பழகிய கல்லை ஏழு மணிக்கு அடுப்பில் ஏற்றினேன். உலர்ந்த துண்டு கலவைக்குள் இறங்கியதும் சிறு சிறு குமிழிகள் மேலே வந்தன, உள்ளிருந்த காற்று பாலுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஊறியபின் தூக்கினால் கனத்துத் தொய்ந்தது, ஆனால் கிழியவில்லை. வெண்ணெயில் உள்ள பால் துகள்கள் சீக்கிரம் கருகும் என்பதால் நெய்தான் விட்டேன். மட்டான தீயில் முதல் பக்கம் நான்கு நிமிடம், திருப்பியபின் மூடி போட்டு மூன்று நிமிடம். மூடி இல்லாவிட்டால் இந்தப் பருமனுக்கு நடுவிலுள்ள முட்டை இறுகாது. நடுவில் விரலால் அழுத்தினால் மேலெழும்பி வர வேண்டும், ஓரத்தில் பால் கசியக் கூடாது.

வெந்தவற்றைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வெள்ளைத் துணி விரித்த சுளகில் ஒற்றை வரிசையாகப் பரப்பினேன். அடுக்கினால் தன் ஆவியிலேயே மொறுமொறுப்பு போய்விடும். அதே கல்லில் செவ்வாழைத் துண்டுகளை நெய்யில் வாட்டி மேலே வைத்து, பாகை ஊற்றி, தேங்காய்த் துருவல் தூவிக் கொடுத்தேன். அண்ணன் மகன் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டியபோது, இட்லிக்கு வயிற்றில் இடம் வை என்று மதினி அதட்டினார். அம்மா பாகைத் தொடாமல் வெறும் டோஸ்டை மட்டும் பிட்டுத் தின்றுவிட்டு, "உள்ள பச்ச வாடை இல்ல" என்றார். அவரிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

டிசம்பர் 26, வெள்ளி

பாகு அரைப் புட்டி மீதம் இருக்கிறது. புத்தாண்டுக் காலைக்கும் இதையே செய்யச் சொல்கிறார்கள். பேக்கரியில் இன்றே சொல்லிவைத்தேன், 31ஆம் தேதி மதியத்துக்குள் ரொட்டி வேண்டும் என்று. மாலையில் வந்தால் வாட்டி முடிக்கவே இரவாகிவிடுகிறது. தேங்காய்ப்பாலை 200 மில்லியாகக் கூட்டி, அந்த அளவுக்கு ஆவின் பாலைக் குறைக்கலாம் என்று நினைக்கிறேன். பட்டையின் மணம் தேங்காயை அமுக்கிவிட்டது.