கையெழுத்துக்குப் பிறகு வந்த கேள்விகள்

ஒவ்வொரு பருவமும் தொடங்குவதற்கு முந்தின வாரம் என் மேசையில் ஒரு கடிதக் கட்டு சேர்ந்துவிடும். பயணக் கடிதம் என்று சொல்வோம். மாணவியின் பெயர், அவள் எடுத்திருக்கும் பாடங்கள், அணியோடு வெளியூர் போவதால் வகுப்புக்கு வர முடியாத தேதிகள், கீழே என் கையொப்பம். அதை அவளே பேராசிரியரிடம் நேரில் கொடுத்து, விடுபடும் தேர்வுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் மாற்று ஏற்பாடு பேசிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில், விளையாட்டு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசகராகப் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான்கு வரிகளில் முடிந்துவந்த அந்தத் தேதிகள், 2024 இலையுதிர் பருவத்தில் அரைப் பக்கத்துக்கு நீண்டன.

காரணம், எங்கள் பல்கலைக்கழகம் கான்ஃபரன்ஸ் மாறியிருந்தது. கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் ஆட்டக் கூட்டணி. யார் யாரோடு ஆடுவது, தொலைக்காட்சி உரிமையை யாருக்கு விற்பது, வருகிற பணத்தை எப்படிப் பங்கு வைப்பது எல்லாம் அங்கேதான் முடிவாகும். மேற்குக் கரையின் பேக்-12 கூட்டணிக்கு வேர் 1915-இல் இருக்கிறது. அதில் பக்கத்துப் பக்கத்து ஊர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அப்போது அட்டவணை போட்டுவந்தார்கள். ஆரிகன் போனால் வெள்ளிக்கிழமை ஓர் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் இன்னொன்று, திங்கள் காலை வகுப்பில் இருக்கலாம். அந்த அட்டவணையைப் போட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் படிப்பையும் நினைவில் வைத்துக்கொண்டு போட்டவர்கள் என்பது அதைப் பார்த்தாலே தெரியும்.

2022 ஜூன் 30, வியாழக்கிழமை. நான் ஒரு நீச்சல் வீரருக்குக் கோடைப் பாடம் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய போனில்தான் செய்தி முதலில் வந்தது. லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ, யூஎஸ்சி என்ற இரண்டு பல்கலைக்கழகங்களும் பேக்-12-ஐ விட்டு பிக் டென் என்ற இன்னொரு கூட்டணிக்குப் போகின்றன. பிக் டென்னில் அப்போது நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் மேரிலாந்தும் இருந்தன. அதாவது ஐந்து மணி நேர விமானப் பயணம், மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசம். யூஎஸ்சி தனியார் பல்கலைக்கழகம், அதன் முடிவு அதன் பாடு. யூசிஎல்ஏ அப்படியல்ல. கலிஃபோர்னியா மக்களின் சொத்து அது. பெர்க்லியில் இருக்கும் கேல் பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் ஒரே ஆட்சிக்குழு. அந்தக் குழுவில் ஆளுநரும் பதவி வழி உறுப்பினர். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் ஊர் முதலமைச்சர் போல.

ஆளுநர் கேவின் நியூசம் அடுத்த மாதமே ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு நேரில் போனார். இந்த மாற்றத்தால் விளையாட்டு மாணவர்கள் எல்லோருக்கும் என்ன நன்மை, பெர்க்லியோடு இருந்த நூறாண்டு உறவு என்னாகும், இதை மக்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்று கேட்டார். எனக்கு அன்று மனம் நிறைந்தது. என் மேசையில் கிடந்த கேள்வியைக் கடைசியில் மாநிலத்தை ஆளும் ஒருவர் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் கேள்வி வந்தபோது முடிவு அறிவிக்கப்பட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

எப்படி இவ்வளவு தூரம் போனது? 1991-இல் எடுத்த ஒரு முடிவின்படி, இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் அதிகாரம் அந்தந்த வளாகத்தின் தலைவரான சான்சலரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்த காலத்தில் அது சின்ன விஷயம். எந்த ஊர் அணியோடு ஆடுவது என்பதை ஆட்சிக்குழு வரை கொண்டுபோக வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். முப்பது ஆண்டுகளில் அதே கையெழுத்து ஒரு மாநிலத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் வரவு செலவையே மாற்றும் கையெழுத்தாகிவிட்டது. 2022 ஆகஸ்டில் பிக் டென் போட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல். யூசிஎல்ஏ விளையாட்டுத் துறைக்கோ 2021 நிதியாண்டில் மட்டும் 6.25 கோடி டாலர் பற்றாக்குறை. அவர்கள் போனதில் எனக்குக் கோபமில்லை. பணம் இல்லாவிட்டால் முதலில் வெட்டுவது அமெரிக்கக் கால்பந்தை அல்ல, நீச்சலையும் ஜிம்னாஸ்டிக்ஸையும்தான். அதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதம் இழுத்தது. அதிகாரம் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது என்று ஆட்சிக்குழு ஆகஸ்டில் சொன்னது. டிசம்பர் 14 அன்று 11-க்கு 5 என்ற வாக்கில் அனுமதி கொடுத்தது, நிபந்தனைகளோடு. மாணவர்களின் சாப்பாடு, மனநலம், படிப்பு உதவி ஆகியவற்றுக்கு யூசிஎல்ஏ கூடுதலாகச் செலவிட வேண்டும். பெர்க்லிக்கு ஆண்டுதோறும் 20 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை ஈடு கொடுக்க வேண்டும். 2024 மே மாதத்தில் அந்தத் தொகை ஆண்டுக்கு 1 கோடி என்று முடிவானது. விவாகரத்தில் கொடுக்கும் ஜீவனாம்சத்தைப் போல என்று பத்திரிகைகள் எழுதின. அண்ணன் தனிக்குடித்தனம் போனால் தம்பியின் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது குடும்பத்தில் வழக்கம்தானே. ஒரே தாய் வீட்டின் இரண்டு பிள்ளைகள் என்பதால்தான் அந்தக் கணக்கையே கேட்க முடிந்தது.

பக்கத்து மாநிலத்தில் அந்தக் கணக்கைக் கேட்க ஆளில்லை. 2023 ஆகஸ்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது. அதே மாநிலத்தின் கிழக்குக் கோடியில், புல்மன் என்ற சிறிய ஊரில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட் பின்னால் நின்றுவிட்டது. மற்றவையும் கிளம்பிவிட, பேக்-12-இன் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களில் மிஞ்சியவை இரண்டு, அதுவும் ஆரிகன் ஸ்டேட்டும்தான். கூட்டணியின் பணமும் நிர்வாகமும் யாருக்கு என்று இந்த இரண்டும் விட்மன் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போயின. போகிறவர்கள் தரப்பில் வழக்கில் நுழைந்தது வாஷிங்டன் பல்கலைக்கழகம். ஒரே சட்டமன்றத்தின் நிதியில் நடக்கும் இரண்டு பல்கலைக்கழகங்கள், அந்த மாநிலத்தின் நீதிபதி முன்னால் எதிரெதிர் மேசையில். நவம்பரில் தீர்ப்பு மிஞ்சிய இருவர் பக்கம் வந்தது. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. புல்மனில் என்னைப் போலவே படிப்பு ஆலோசகராக இருந்த ஒருவர், அந்த மாதங்களில் இரவு பத்து மணிக்குமேல் மின்னஞ்சல் அனுப்புவார். அடுத்த ஆண்டு யாரோடு ஆடுவோம் என்றே தெரியாமல் பிள்ளைகளுக்குப் பாடம் எப்படித் தேர்ந்து கொடுப்பது என்பதுதான் ஒவ்வொன்றிலும் கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

அரசு நேரத்துக்கு வந்து நின்றதும் உண்டு. 2003-இல் ஏசிசி கூட்டணி புதிதாக மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்க்கப் பார்த்தது. ஒன்பது உறுப்பினர்களில் ஏழு பேர் சம்மதிக்க வேண்டும். டியூக்கும் நார்த் கரோலைனாவும் ஒப்பவில்லை. ஆக வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வாக்கு இல்லாமல் எதுவும் நகராது. சேர்க்கப் பார்த்த பட்டியலிலோ அதே மாநிலத்தின் வர்ஜீனியா டெக் இல்லை. அப்போதைய ஆளுநர் மார்க் வார்னர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை நெருக்கினார். டெக்கை விட்டுவிட்டு வாக்களிக்காதீர்கள் என்பதுதான் பேச்சு. முடிவில் மயாமியும் வர்ஜீனியா டெக்கும் அழைக்கப்பட்டன, 2004-இல் உள்ளே வந்தன. பட்டியலில் முதலில் இருந்த சிரக்யூஸ் வெளியே நின்றது. அவர்களுக்கு அது அநியாயமாகத்தான் பட்டிருக்கும். ஆனால் வாக்கு கையில் இருக்கும்போதே கேட்டார் வார்னர். நியூசமுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

டெக்சாஸில் இந்தப் பழக்கம் இன்னும் பழசு. 1994-இல் சவுத்வெஸ்ட் கூட்டணி உடைந்தபோது, பிக் 12 என்ற புதுக் கூட்டணியில் டெக்சாஸ் டெக், பேலர் என்ற பல்கலைக்கழகங்கள் இடம் பிடித்ததில் துணை ஆளுநர் பாப் புல்லக்கின் கை இருந்தது என்று இன்றும் பேசுவார்கள். அந்த இரண்டிலும் படித்தவர் அவர். அரசியல் செல்வாக்கு வேலை செய்யும் விதம் இதுவென்றால் எனக்கு அதில் உடன்பாடில்லை. படித்த பள்ளிக்காகப் பரிந்து பேசுவது மாநிலத்துக்காகப் பேசுவது ஆகாது. டிசியூ, ரைஸ், எஸ்எம்யூ, ஹூஸ்டன் நான்கும் வெளியே விடப்பட்டன. அவற்றுள் ஹூஸ்டன் அரசுப் பல்கலைக்கழகம். அதற்காகப் பேச வலுவான ஆள் இல்லாமல் போனார். 2021-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் எஸ்இசி என்ற கூட்டணிக்குக் கிளம்பியபோது, இனிமேல் கூட்டணி மாற சட்டமன்ற ஒப்புதல் வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. செனட் தனிக்குழு போட்டு விசாரித்தது. மசோதா நிறைவேறவில்லை.

எனக்குச் சரியென்று படுவது 2024 தொடக்கத்தில் நார்த் கரோலைனா செய்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் பொது ஆட்சிக்குழு, கூட்டணி மாறும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று விதி வகுத்தது. யாரும் போகவில்லை, போகிறேன் என்று சொல்லவுமில்லை. வீடு தீப்பிடிக்கும் முன்னமே கிணறு வெட்டியிருக்கிறார்கள்.

அந்த ஒப்புதல் கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தம் முடிந்து பல மாதம் கழித்துத்தான், எத்தனை வகுப்பு நாள் விடுபடும் என்று கணக்கெடுத்துத் தரச் சொல்லி எங்கள் பிரிவுக்கு மின்னஞ்சல் வந்தது. கையெழுத்துக்கு முன்னால் எங்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓர் இரவில் போட்டுக் கொடுத்திருப்போம். பணக் கணக்கு போட எத்தனை ஆலோசகர்கள் வந்தார்கள், இந்தக் கணக்கைப் போட ஒரு விரிதாள் போதும்.

ஒரு வாலிபால் மாணவியைச் சொல்கிறேன். மருத்துவம் படிக்க வேண்டும் என்று கரிம வேதியியல் லேப் எடுத்திருந்தாள். வாரம் ஒரு லேப், வியாழக்கிழமை மதியம். இரண்டுக்கு மேல் விட்டால் பாடமே போய்விடும், லேபுக்கு மாற்று ஏற்பாடு கிடையாது. பழைய அட்டவணையில் வியாழன் மாலை கிளம்பினால் போதும். புது அட்டவணையில் கிழக்கே போகும் வாரங்களில் புதன் இரவே விமானம். என் எதிரே உட்கார்ந்து பச்சை மையால் தேதிகளை வட்டமிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பேனாவை மூடி வைத்துவிட்டு, “நான் இதை அடுத்த வருஷம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள். அடுத்த வருடமும் இதே அட்டவணைதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோடையில் எடுக்கலாம் என்றேன். கோடை வகுப்புக்கு அவளுடைய உதவித்தொகை முழுதாக வராது என்பது அவளுக்கும் தெரியும்.

அக்டோபரில் அந்த அணியோடு தேர்வுக் கண்காணிப்பாளராகப் போனேன். ஓட்டலின் சிற்றுண்டி அறையில், ஆறு பேர் ஆளுக்கொரு மேசை. வாஃபிள் இயந்திரம் பீப் அடித்துக்கொண்டே இருந்தது. சமையல்காரரிடம் போய்க் கேட்டேன், அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். இந்தப் பிள்ளைகளின் உடல் கடிகாரத்தில் மணி காலை ஐந்தரை. ஒருத்தி விடைத்தாள் மேல் நெற்றியை வைத்து ஒரு நிமிடம் அப்படியே இருந்தாள். எழுப்பலாமா வேண்டாமா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது தானாகவே நிமிர்ந்து எழுதத் தொடங்கினாள்.

2025-இல் அந்த வேலையை விட்டேன். விடுவதற்கு முன்பு ஆட்சிக்குழுவின் பொதுக்கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்துக்குப் பெயர் கொடுத்தேன். சில நிமிடங்கள்தான் தருவார்கள். கருத்தாக எதுவும் சொல்லவில்லை. ஒரு பயணக் கடிதத்திலிருந்த தேதிகளையும், ஒவ்வொரு தேதிக்கும் நேராக விடுபட்ட வகுப்பையும் படித்தேன். முடிந்து வெளியே வந்தபோது, குழுவில் வயதான உறுப்பினர் ஒருவர் நடைபாதை வரை பின்னால் வந்தார். அந்தக் கடிதத்தின் நகல் கிடைக்குமா, இப்படி ஒரு தாள் இருப்பதே இதுவரை எனக்குத் தெரியாது என்றார். வரவேற்பு மேசையில் மார்க்கர் கேட்டு வாங்கி, மாணவியின் பெயரை அடித்துவிட்டுக் கொடுத்தேன்.